முதல் கறுப்பினப் பெண் யார்? 1972-ஐ மறக்க வேண்டாம்

"அமெரிக்க அதிபர் பதவிக்காக ஜனநாயகக் கட்சிக்குள் போட்டியிட்ட முதல் கறுப்பினப் பெண் கமலா ஹாரிஸ்தான்" என்று ஒரு செய்தி சுற்றி வருகிறது. அவருடைய தாய்வழித் தாத்தாவின் ஊரான துளசேந்திரபுரம் தொடர்பால் நமக்கு அவர்மீது பாசம் உண்டு, சரி. ஆனால் அந்தச் செய்தி தவறு.

நியூயார்க்கின் ஷெர்லி சிஸ்ஹோம் 1972-லேயே அந்தக் களத்தில் இறங்கிவிட்டார். 1968-ல் நாடாளுமன்றத்துக்குத் தேர்வான முதல் கறுப்பினப் பெண்ணும் அவரே. கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க புளோரிடா முதல் பல மாநிலங்களில் நடந்த முதற்கட்டத் தேர்தல்களில் நின்றார். கலிபோர்னியா தேர்தலுக்கு முன் தொலைக்காட்சி விவாதங்களில் அவரைச் சேர்க்கவில்லை. அவர் விடவில்லை. சட்டப்படி போராடி, திரையில் தனக்கும் நேரம் வாங்கினார். மயாமி பீச் கட்சி மாநாட்டில் சுமார் 152 பிரதிநிதிகளின் வாக்குகளும் கிடைத்தன. "பெயருக்கு நின்றவர்" என்று அவரை ஒதுக்குவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இந்தப் பயணத்தை ஷோலா லிஞ்ச் 2004-ல் ஆவணப்படமாக எடுத்தார். அவரும் கறுப்பினப் பெண்தான். சிஸ்ஹோமின் குரலையே அதில் கேட்கலாம்.

கமலாவுக்கு உரிய முதலிடம் வேறு: 2024-ல் ஒரு பெரிய கட்சியின் அதிபர் வேட்பாளரான முதல் கறுப்பினப் பெண் அவர்.