மூர் ஊதாவாகும்வரை காத்திருக்காதீர்கள்

"யார்க்‌ஷயர் மூர் நிலம் (இங்கிலாந்தின் மேட்டுப் புதர்வெளி) முழுக்க ஊதாவானதும் தேனீப் பெட்டிகளை அங்கே ஏற்றினால் போதும்" என்பது தவறு. ஜூலையில் தெரியும் ஊதா பெரும்பாலும் பெல் ஹெதர் என்ற குறும்புதரின் பூ. தேனுக்காக நமக்கு வேண்டிய லிங் ஹெதர் என்ற இன்னொரு வகை வழக்கமாக ஆகஸ்ட் 2-வது வாரத்தை ஒட்டித்தான் பூத்துச் சூடுபிடிக்கும். சில வாரங்களில் முடிந்துவிடும், அதிலும் மழை நாளெல்லாம் வீண். எனவே ஆகஸ்ட் முதல் வாரத்துக்குள் பெட்டி அங்கே இருக்க வேண்டும்.

கோடைத் தேனை முன்பே எடுத்துவிடுங்கள், இல்லையேல் கலந்துவிடும். ஆனால் புழு அறையில் (ராணி முட்டையிடும் அடிப்பெட்டியில்) உணவை விட்டுவையுங்கள்; தொடர்மழை பிடித்தால் அந்த மேட்டில் தேனீக்கள் பட்டினிதான். இந்த ஆண்டு பிறந்த ராணியுள்ள வலுவான கூட்டமே ஏற்றது. பெட்டிக்கு மேல் கம்பிவலை போட்டு இரவில் நகர்த்துங்கள். மூடிக் கட்டினால் வெக்கையில் கூட்டமே செத்துவிடும்.

லிங் தேன் கூழாக இறுகியிருக்கும், தேனெடுக்கும் இயந்திரத்தில் சாதாரணமாகச் சுழற்றினால் வராது. தேன் அறையில், தேனீக்கள் அடை கட்டுவதற்கு, கம்பியில்லாத மெல்லிய மெழுகுத் தாள் வையுங்கள். அடையோடு வெட்டலாம், பிழியலாம்.