மெடலை கடையில வாங்க விடாதீங்க

குடியாத்தத்துல இருந்து பலமநேர் ரோடு புடிச்சு ஆந்திரா பார்டர் வரைக்கும் போனா ஊருக்கு நாலு மிலிட்டரிக்காரர் வீடாவது இருக்கும், கணியம்பாடி கிட்ட கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டைன்னே கூப்பிடுவாங்க. ஆனா இந்த வீட்டு பீரோக்கள்ல இருக்கற மெடல் நிறைய டெய்லர் காப்பி, அதாவது ஜவான் சொந்த காசுல வாங்கினது. அவங்க மேல ஒரு தப்பும் கிடையாது. 9 வருஷம் சர்வீஸுக்கு ஒண்ணு, 20க்கு ஒண்ணு, 30க்கு ஒண்ணு, சியாச்சின்ல இருந்தா தனியா ஒண்ணு, எல்லாம் பார்ட் டூ ஆர்டர்ல, அதாவது ஜவானோட சர்வீஸ் விவரத்தை பதிவு பண்ற ஆர்டர்ல ஏறிடும், ரிப்பனும் குத்திக்கலாம், மெடல் மட்டும் நிறைய பேருக்கு நேரத்துக்கு வராது. பரேடுல மெடலோட நிக்கணும்ல, கன்டோன்மென்ட் பக்கத்து கடைக்குதான் போவான்.

எங்கப்பா மெடல்களை கையில எடுத்தாலே தெரியும். ஒரிஜினல் விளிம்புல நகத்தை வெச்சு ஓட்டினா அவர் நம்பர், ரேங்க், பேரு எல்லாம் தட்டுப்படும். காப்பி வழவழன்னு இருக்கும், கனமும் இல்ல. ரிட்டையர் ஆனப்புறம் எழுதி எழுதி பாத்தாரு, அவர் போயும் சேந்துட்டாரு, மிச்ச மெடலுங்க இன்னும் வரல.

வீர விருதுகளுக்கு பெரிய மரியாதை குடுக்கறாங்க, குடுக்கணும். 1987ல இலங்கையில உயிரை விட்டு பரம் வீர் சக்ரா வாங்கின மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் பேரை கேட்டா எனக்கு இன்னிக்கும் உடம்பு சிலிர்க்குது. 2017ல அலவன்ஸை ஏத்தினப்போ பரம் வீர் சக்ராவுக்கு மாசம் 20,000, சேனா மெடலுக்கு 2,000 ஆச்சு. சர்வீஸ் மெடலுக்கு அஞ்சு பைசா கிடையாது, யாரும் கேக்கவும் இல்ல. பேரு வெட்டின அந்த உலோகத் துண்டு மட்டும்தான் அவனுக்கு கிடைக்கற மரியாதை, அதையும் கடையில வாங்கிக்கோன்னு விடறது என்ன நியாயம்?

இன்னொண்ணு. வாங்கினவர் இடது மார்புல குத்தணும், இறந்தவரோட குடும்பத்துக்காரங்க வலது பக்கம். நினைவஞ்சலி மாதிரி நிகழ்ச்சிகள்ல அப்படி குத்திக்கலாம்னு 2019ல ஆர்மியே சொல்லியிருக்கு. எங்கம்மா அப்படி குத்தினு போனப்ப "பக்கம் மாத்தி குத்திட்டீங்களேம்மா"ன்னு ஒருத்தர் கழட்டவே வந்துட்டாரு. தெரியலன்னா கேளுங்க, கை வெக்காதீங்க. சர்வீஸே பண்ணாம, மத்தவங்க சோல்ஜர்னு நம்பட்டும்னு உடுப்பும் சின்னமும் மாட்டினு திரியறவங்களை புடிங்க, பாரதிய நியாய சன்ஹிதா (பிஎன்எஸ்) சட்டம் 168வது பிரிவுல அதுக்கு மூணு மாசம் வரைக்கும் ஜெயில் இருக்கு.

வீட்ல எக்ஸ் சர்வீஸ்மேன் இருந்தா டிஸ்சார்ஜ் புக்கை இன்னிக்கே எடுத்து அதுல ஏறின மெடலையும் பொட்டியில இருக்கறதையும் ஒண்ணொண்ணா விளிம்பு பாத்து சரி பாருங்க. வராததை எழுதி அவங்க ரெக்கார்டு ஆபீசுக்கு ஸ்பீட் போஸ்ட்ல அனுப்புங்க, ரசீதை பத்திரமா வெச்சுக்கோங்க. அவர் உயிரோட இருக்கும்போதே பண்ணிடுங்க.