பிரஷர் மாத்திரை இன்ஹேலர் ஆகாது

"கால்சியம் தடுப்பு மருந்து தசையைத் தளர்த்தும், பிரஷருக்கு அதைச் சாப்பிடும் ஆஸ்துமாக்காரருக்கு இன்ஹேலர் தேவையில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள், அண்ணா. முதல் பாதி சரி, இரண்டாம் பாதி ஆபத்து.

இரத்தக் குழாயின் தசை சுருங்குவதற்கு, வெளியிலிருந்து கால்சியம் உள்ளே வரும் வாசல்கள் முக்கியம். கால்சியம் தடுப்பு மருந்தான அம்லோடிபின் அவற்றைத்தான் அடைக்கிறது. மூச்சுக்குழாய்த் தசையோ பெரும்பாலும் செல்லுக்குள் சேமித்து வைத்த கால்சியத்தை எடுத்துச் சுருங்குகிறது. வாசலைப் பூட்டினால் வீட்டுக்குள் இருக்கும் நெற்குதிர் காலியாகிவிடுமா? அதே வகை மருந்தான வெராபமிலை நேராக மூச்சில் இழுக்கவைத்தே 1980களில் சோதித்தார்கள். உடற்பயிற்சியால் வரும் இழுப்பு சிலருக்கு ஓரளவு குறைந்தது. ஏற்கெனவே சுருங்கியிருந்த குழாய் பெரிதாக விரியவில்லை. நீல இன்ஹேலரில் இருக்கும் சால்பியூட்டமால் சில நிமிடங்களில் செய்கிற வேலைக்கு அது ஈடாகவில்லை. உள்ளிருக்கும் அழற்சியைத் தணிக்க பியூடசோனைடு போன்ற, மூச்சில் இழுக்கும் ஸ்டீராய்டு மருந்துகள்தான் வேண்டும்.

ஆஸ்துமா உள்ள என் அப்பா பல ஆண்டுகளாக அம்லோடிபின் சாப்பிடுகிறார். போன கிருத்திகைக்கு இரத்தினகிரி படியேறும்போது பாதியில் உட்கார்ந்துவிட்டார். நெஞ்சில் விசில் சத்தம். சட்டைப் பையிலிருந்த நீல இன்ஹேலர்தான் அவரைச் சந்நிதிவரை கொண்டுபோனது. (முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.)

ஒன்று மட்டும் உங்கள் பக்கம்: ஆஸ்துமா உள்ளவருக்குப் பிரஷர் மருந்தாக, பீட்டா தடுப்பு மருந்துகளைவிடக் கால்சியம் தடுப்பு மருந்துகள் பாதுகாப்பானவை. ப்ரோப்ரனலால் போன்ற பீட்டா தடுப்பு மருந்து மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடும். இந்தக் கருத்தை வைத்துக்கொள்ளுங்கள், இன்ஹேலர் தேவையில்லை என்ற வரியை மட்டும் இன்றைக்கே நீக்கிவிடுங்கள்.