ஹீத்ரோ இடைவெளி: ஒரு சிறு திருத்தம்

லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் காற்று பலமாக வீசும் நாட்களில், தாமதத்தைக் குறைக்கக் கணினி வைத்து, தரையிறங்கும் விமானங்களுக்கு இடையிலான பாதுகாப்பு இடைவெளியைக் குறைத்துவிடுகிறார்கள் என்று ஒரு கருத்து பலராலும் பகிரப்படுகிறது. மைல் கணக்கில் இடைவெளி குறைவது உண்மைதான். ஆனால் பாதுகாப்பு குறைவதில்லை.

இடைவெளி விடுவதற்கு முக்கியக் காரணம், முன்னே போகும் விமானம் கிளப்பிவிடும் சுழல்காற்று. அது அடங்க நேரம் வேண்டும். பெரிய விமானத்தின் பின்னால் இன்னொரு பெரிய விமானம் வந்தால் 4 கடல் மைல் என்பது வழக்கம். 140 நாட் (மணிக்கு 140 கடல் மைல்) வேகத்தில் அதைக் கடக்க ஏறக்குறைய 103 விநாடி. எதிர்க்காற்று 40 நாட் என்றால் தரைவேகம், அதாவது தரையைப் பொறுத்த வேகம், 100 நாட் ஆகிவிடும். அதே தூரத்துக்கு 144 விநாடி! பலத்த எதிர்க்காற்றில் சுழல் இன்னும் சீக்கிரமே கலைந்துவிடும் என்பதால், அந்தக் கூடுதல் நேரம் வீண்தான். அதனால் 2015 முதல் அங்கே தூரத்துக்குப் பதில் நேரத்தைக் கணக்கில் வைக்கிறார்கள். விமானங்களே அனுப்பும் காற்றுத் தரவிலிருந்து இடைவெளி கணக்கிடப்பட்டுக் கட்டுப்பாட்டாளரின் திரையில் குறியாகத் தெரியும். ரேடார் கண்காணிப்பில் இரு விமானங்களுக்கு இடையே இருந்தே ஆக வேண்டிய குறைந்தபட்ச தூரம் தனியாக அப்படியே இருக்கிறது.

நீங்களே சரிபார்க்கலாம். விமானங்களின் நகர்வைக் காட்டும் ஃபிளைட்ரேடார்24 தளத்தில் காற்றடிக்கும் நாள் ஒன்று, அமைதியான நாள் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே மாதிரி விமான ஜோடிகளின் தரைவேகத்தையும், ஒரே இடத்தை அவை கடக்கும் நேரத்தையும் ஒப்பிடுங்கள். ஒரு ஜோடி போதாது, பத்துப் பதினைந்தாவது பாருங்கள்.