ஜூன் மாசம் சியராவுல ஆத்தை எப்ப கடக்கணும்

"ஜூன்ல சம்மர் தானே, பசிபிக் க்ரெஸ்ட் ட்ரெயில்ல சியரா பக்கம் பனி இருக்காது, ஆத்தை மத்தியானம் வெயில்ல கடந்தா குளிராது"ன்னு மேல ஒருத்தர் போட்டிருக்கார் (அமெரிக்காவோட மேற்குப் பக்கம் இருக்குற நீண்ட நடைபயணப் பாதை அது, சியரா அது போற கலிபோர்னியா மலைத்தொடர்). ரெண்டுமே தப்புங்க, ரெண்டாவது ஆபத்தும் கூட. அந்தப் பாதைல வர்ற ஃபாரஸ்டர் பாஸ்ங்கிற கணவாய் கிட்டத்தட்ட 4,000 மீட்டர் உயரம், பனி நிறைய விழுந்த வருஷம்னா ஜூலைலகூட அங்க கிடக்கும், 2023ல பனி கொட்டித் தீர்த்த கதையை அதுக்குள்ள மறந்துட்டோமா என்ன. ஆத்து விஷயம் இதுதான்: பகல் வெயில்ல மேல பனி உருகி அந்தத் தண்ணி கீழ வந்து சேர சாயங்காலம் ஆயிடும், அதனால காலைல முட்டி அளவு இருந்த அதே ஓடை சாயங்காலம் இடுப்புக்கு வந்து ஆளையே இழுக்கும். விடியக்காலைல கடங்க, கால் மரத்துப்போகும் தான், பரவால்ல. ஷூவைக் கழட்டாதீங்க, பையோட நெஞ்சு பெல்ட்டு இடுப்பு பெல்ட்டு ரெண்டையும் கழட்டி விட்ருங்க, விழுந்தா பையை உதறிட்டு வெளிய வரணும்ல. பனி மேல நடக்கவும் காலை நேரம் தான் நல்லது, இறுகிக் கிடக்கும், ஷூவுக்கு அடியில மாட்டுற மைக்ரோஸ்பைக் முள்ளு நல்லா கடிச்சுப் பிடிக்கும்; மதியத்துக்கு மேல தொடை வரைக்கும் பொதக்குன்னு உள்ள போகும். கரடி டப்பா (கரடியால திறக்க முடியாத சாப்பாட்டு டப்பா) கட்டாயம் சுமக்கணும்னு அவர் சொன்னது மட்டும் சரி.