பெயர்ப்பலகைக்கு வாடகை

நான்குவழிச் சாலையோரம் இடம் வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர், அங்கே உலகப் பெயர் பெற்ற நிறுவனம் ஒன்றின் பெயரில் 60 அறைகள் கொண்ட ஹோட்டல் கட்டலாமா என்று சென்ற வாரம் என்னிடம் கேட்டார். திருநெல்வேலி ஜங்ஷன் லாட்ஜுகளுக்குக் கணக்கு எழுதியே வயிறு வளர்த்தவன் நான் என்பதால் கேட்டிருக்கிறார். அன்று அவரிடம் அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுமையாக எழுதி வைக்கிறேன்.

இப்படிப்பட்ட நிறுவனம் நம் ஊருக்கு வந்து பணம் போட்டுக் கட்டடம் எழுப்பும் என்று பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அது எழுப்பாது. எடுத்துக்காட்டுக்கு, அமெரிக்க விடுதி நிறுவனமான மேரியட்டின் பெயரில் இன்று 140க்கும் மேற்பட்ட நாடுகளில் 9,000க்கும் மேற்பட்ட விடுதிகள் இயங்குகின்றன. அவற்றில் அதற்குச் சொந்தமானவையும் அது குத்தகைக்கு எடுத்தவையும் சேர்ந்தே நூற்றுக்கு ஒன்றைத் தாண்டாது. மற்றவை எல்லாம் அண்ணாச்சியைப் போல யாரோ ஒருவர் இடம் கொடுத்து, வங்கியில் கடன் வாங்கிக் கட்டியவை.

தொடக்கம் இப்படி இருக்கவில்லை. 1927இல் வாஷிங்டன் நகரில் வில்லார்ட் மேரியட்டும் அவர் மனைவி ஆலிஸும் ஒன்பது இருக்கைகளோடு ஒரு ரூட் பீர் கடை போட்டார்கள். ரூட் பீர் என்பது மதுவன்று. நம் நன்னாரி சர்பத்துக்கு ஒன்றுவிட்ட உறவு என்று சொல்லத்தக்க குளிர்பானம். குளிர்காலத்தில் அதைக் கேட்டு யாரும் வரமாட்டார்கள் என்பதால் சூடான உணவையும் சேர்த்தார்கள். கடை உணவகங்களாகப் பெருகியது. முதல் விடுதி திறந்தது 30 ஆண்டுகள் கழித்து, 1957இல்தான். அதாவது, தங்குவதற்கு இடம் கொடுக்கும் தொழிலுக்கு அவர்கள் சமையலறை வழியாக வந்தார்கள்.

அண்ணாச்சி கவனிக்க வேண்டிய கதை 1980களில் தொடங்குகிறது. நிறுவனம் தன் பொறுப்பில் விடுதிகளைக் கட்டி, முதலீட்டாளர்களுக்கு விற்றுவிட்டு, அவற்றை நடத்தும் உரிமையை மட்டும் நீண்ட கால ஒப்பந்தத்தில் தன்னிடம் வைத்துக்கொண்டது. 1986இல் அமெரிக்க வரிச் சட்டம் மாறி, அத்தகைய முதலீட்டுக்கு இருந்த சலுகை குறைந்தது. 1990ஐ ஒட்டி நிலச் சந்தையும் படுத்தது. கட்டியவை விற்கவில்லை, கடனோ நின்றது. அப்போது அவர்கள் கண்ட வழி, நிறுவனத்தையே இரண்டாகப் பிரிப்பது. 1993இல் கட்டடங்களும் கடனில் பெரும்பகுதியும் ஹோஸ்ட் மேரியட் என்ற நிறுவனத்துக்குப் போயின. நடத்தும் ஒப்பந்தங்களும் பெயரும் மேரியட் இன்டர்நேஷனலுக்கு வந்தன. கடன் பத்திரம் வாங்கியவர்கள் கொதித்து வழக்குப் போட்டார்கள். பாகப்பிரிவினையில் ஒருவருக்கு வீடும் அடமானமும், மற்றவருக்குக் கடைப் பெயரும் வாடிக்கையாளர்களும் என்று எழுதினால் நம் ஊரில் பஞ்சாயத்து எப்படி நடக்குமோ, ஏறக்குறைய அதே நிலைதான். நிலத்தின் சுமை இல்லாததால் அதன் பிறகு பெயர் வைத்திருந்தவர் வேகமாக வளர்ந்தார். 2016இல் சுமார் 1,300 கோடி டாலருக்கு ஸ்டார்வுட் என்ற மற்றொரு விடுதி நிறுவனத்தையே வாங்கினார். அந்தக் கொள்முதலோடு ஸ்டார்வுட்டின் முன்பதிவுக் கணினியில் 2014 முதலே புகுந்திருந்த திருடனும் சேர்ந்து வந்ததும், அது 2018இல் வெளிப்பட்டுக் கோடிக்கணக்கான விருந்தினர்களின் விவரங்கள் கசிந்ததாகத் தெரியவந்ததும் தனிக்கதை.

இப்போது கணக்குக்கு வருகிறேன். அண்ணாச்சியின் 60 அறைகளில் நாள்தோறும் 36 நிரம்பி, வாடகை 3,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஆண்டு அறை வருமானம் ஏறக்குறைய 4 கோடியே 60 லட்சம். பெயருக்கும் விளம்பரத்துக்கும் முன்பதிவு வசதிக்கும் சேர்த்து 8 சதவீதம் கொடுப்பதாகக் கொண்டால், நிறுவனத்துக்கு 37 லட்சம் போகும். கடன் 20 கோடி, வட்டி 10 சதவீதம் என்றால் வங்கிக்கு 2 கோடி. அடுத்த ஆண்டு தொழில் மந்தமாகி 24 அறைகள்தான் நிரம்புகின்றன என்று கொள்வோம். நிறுவனத்துக்குக் குறைவது 12 லட்சம். அண்ணாச்சியின் அறை வருமானத்தில் குறைவது ஒன்றரைக் கோடி. வங்கி வட்டியில் ஒரு ரூபாய்கூடக் குறையாது. கட்டணம் லாபத்தின் மீது அல்ல, வருமானத்தின் மீது கணக்கிடப்படுவதால், உரிமையாளர் நட்டத்தில் ஓடும் ஆண்டிலும் பெயர் கொடுத்தவருக்கு அவருடைய பங்கு வந்துவிடும்.

இதனால் அவர்கள் விற்பது வெறும் காற்று என்று சொல்ல மாட்டேன். முன்பின் தெரியாத ஊரில், குளியலறை சுத்தமாக இருக்குமா, வெந்நீர் வருமா, குடும்பத்தோடு தங்கலாமா என்ற கேள்விகளுக்கு ஒரு பலகை பதில் சொல்லிவிடுகிறது. அந்த நம்பிக்கையை நம் லாட்ஜுகள் சம்பாதிக்கவில்லை. நான் கணக்கு எழுதிய லாட்ஜுகளில் போர்வை துவைத்த செலவு எந்த அளவுக்குச் சிறியதாக இருந்தது என்பது எனக்குத் தெரியும். மேலும், இணையத்தில் முன்பதிவு செய்து தரும் தரகு நிறுவனங்கள் அறை வாடகையில் 15 சதவீதமோ அதற்கு மேலோ எடுத்துக்கொள்ளும் காலத்தில், வாடிக்கையாளர் சலுகைத் திட்டத்தில் 20 கோடிக்கு மேல் உறுப்பினர்கள் கொண்ட ஒரு நிறுவனம் ஆட்களை நேராக அனுப்பிவைப்பது சிறிய உதவியன்று.

ஆனால் அவர்களுடைய ஒழுங்குமுறை நம் ஊர் ரயிலுக்கென்று வகுக்கப்பட்டதன்று. நெல்லை எக்ஸ்பிரஸில் காலையில் வந்து இறங்குபவருக்கு ஜங்ஷன் லாட்ஜில் அந்த நொடியிலிருந்து 24 மணி நேரம் கணக்கு. பெரிய பெயர் கொண்ட விடுதியிலோ பிற்பகல் 2 மணிக்கோ 3 மணிக்கோதான் அறை. அதுவரை அவர் பெட்டியோடு எங்கே உட்கார்ந்திருப்பார்? வாடகையை நாளுக்கு நாள் மாற்றும் கலையிலோ நாம் அவர்களுக்குக் குறைந்தவர்கள் அல்லர். விமான நிறுவனங்களைப் பார்த்து மேரியட் அதைக் கணினியில் ஏற்றியது; சனிக்கிழமை சாரல் விழுந்தால் குற்றாலத்து லாட்ஜ் மேனேஜர் வானத்தைப் பார்த்தே ஏற்றிவிடுவார்.

2025இல் மேரியட் 'சீரீஸ்' என்ற புதிய பெயரைத் தொடங்கி, இந்தியாவில் ஏற்கெனவே இயங்கிவரும் ஃபெர்ன் விடுதிகளை அதனுள் சேர்க்க ஒப்பந்தம் செய்தது. நடுத்தர வாடகை விடுதிகள்வரை அந்தப் பெயர்கள் இறங்கிவருகின்றன என்பதற்கு இது அடையாளம். ஆகவே அண்ணாச்சியின் கேள்வி நாளை இன்னும் பலருடைய கேள்வியாகும்.

நான் எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும் அவர், "எடம் நம்மது, கடனும் நம்மது, போர்டு மட்டும் அவனுதா?" என்று கேட்டார். "ஆமா அண்ணாச்சி" என்றேன். இத்தகைய ஒப்பந்தங்கள் 15, 20 ஆண்டுகளுக்குப் போடப்படுகின்றன; இடையில் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை அறைகளைப் புதுப்பிக்க வேண்டும் என்ற நிபந்தனையும், முன்கூட்டியே விலகினால் இழப்பீடு என்ற நிபந்தனையும் அவற்றில் இருக்கும். தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் குறித்த இலக்கை எட்டாவிட்டால் உரிமையாளர் இழப்பீடின்றி விலகலாம் என்ற பிரிவைக் கேட்டு வாங்க முடியும். கேட்காதவருக்கு அது கிடைக்காது. வரைவு கைக்கு வந்ததும் எனக்கு ஒரு நகல் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். கட்டண விகிதம் இருக்கும் பக்கத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் நான் புரட்டப்போவது, விலகுவதைப் பற்றிய பக்கத்தைத்தான்.