ஒபாமா பேசினால் சரணாகதி, ட்ரம்ப் பேசினால் சாணக்கியம்

எங்கள் கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் அமெரிக்கவாசிகள் இரண்டு பேர். ஒருவர் டெக்சஸ், இன்னொருவர் நியூஜெர்சி. இருவருக்கும் அங்கே ஓட்டு உண்டு. ஈரான் என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், அன்று முழுக்கக் குழு ரணகளம்தான். ஒருவருக்கு ஒபாமா நாட்டை விற்றவர். மற்றவருக்கு ட்ரம்ப் ஒரு கோமாளி. யார் அதிபர் பதவிக்கு லாயக்கு என்று விடிய விடிய அடித்துக்கொள்வார்கள். ஒபாமா ஈரானோடு போட்ட 2015 அணு ஒப்பந்தத்தில் என்னதான் இருந்தது, ட்ரம்ப் வட கொரியாவோடு வெளியிட்ட 2018 சிங்கப்பூர் அறிக்கையில் என்னதான் எழுதியிருந்தது என்று மட்டும் இருவரும் பேசி நான் பார்த்ததில்லை. குழுவில் இதையெல்லாம் எழுதினால் ஒரு மீம் போட்டு முடித்துவிடுவார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

2007 ஜூலை. ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் விவாதம். ஈரான், சிரியா, வெனிசுவேலா, கியூபா, வட கொரியா தலைவர்களை, முன்நிபந்தனை இல்லாமல், பதவியேற்ற முதல் வருடத்திலேயே சந்திப்பீர்களா என்று ஒரு கேள்வி. சந்திப்பேன் என்றார் ஒபாமா. மறுநாளே ஹிலாரி, இது பொறுப்பில்லாத, விவரம் தெரியாத பேச்சு என்று போட்டுத் தாக்கினார். அடுத்த வருடம் குடியரசுக் கட்சி வேட்பாளர் மெக்கெய்ன் தேர்தல் பிரசாரம் முழுக்க இதைப் பிடித்துக்கொண்டார். சர்வாதிகாரியோடு சும்மா போய் உட்கார்ந்தால் அவனுக்குத்தான் மரியாதை கூடும் என்பது குடியரசுக் கட்சியின் வாதம்.

2018 ஜூன் 12. சிங்கப்பூர், செந்தோசா தீவு. ட்ரம்ப் வட கொரியத் தலைவர் கிம் ஜோங் உன்னின் கையைக் குலுக்கினார். அதே குடியரசுக் கட்சியில் பெரும்பாலானவர்களுக்கு இப்போது இது வரலாற்றுத் துணிச்சல். சரி, ஜனநாயகக் கட்சியினர்? சந்திப்புக்குச் சில நாள் முன்பு சக் ஷூமர் உள்ளிட்ட செனட்டர்கள் ட்ரம்புக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். வட கொரியா எல்லாவற்றையும் முழுமையாக, நிரந்தரமாகக் கழற்ற வேண்டும், எப்போது வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் சோதனை வேண்டும், இல்லையென்றால் பொருளாதாரத் தடையைத் தளர்த்தக் கூடாது. படிக்கும்போது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. மூன்று வருடம் முன்பு ஈரான் விஷயத்தில் குடியரசுக் கட்சிக்காரர்கள் கேட்டதும், "இதெல்லாம் நடைமுறைக்கு ஒத்துவராது" என்று ஒபாமா தரப்பு தள்ளியதும் கிட்டத்தட்ட இதே பட்டியல்தான்.

சிங்கப்பூர் அறிக்கையைத் தேடி எடுத்துப் படித்துப் பாருங்கள், ஒரு காபி ஆறுவதற்குள் முடிந்துவிடும். நான்கே அம்சங்கள். கொரியத் தீபகற்பத்தை அணு ஆயுதமற்றதாக்க "முயற்சி செய்வோம்" என்கிற அளவில் ஒரு வரி. எந்தத் தேதிக்குள்? இல்லை. யார் போய்ப் பார்ப்பார்கள்? இல்லை. எத்தனை குண்டு வைத்திருக்கிறோம் என்று ஒரு கணக்காவது கொடுப்பார்களா? அதுவும் இல்லை. மறுநாள் ட்ரம்ப், வட கொரியாவிடமிருந்து இனி அணு ஆயுத அச்சுறுத்தல் கிடையாது என்று ட்வீட் போட்டார். (சந்திப்புக்கு முந்தைய இரவில் நம் பக்கத்துக்குப் பிடித்த காட்சி ஒன்று உண்டு. சிங்கப்பூர் வெளியுறவு அமைச்சர் விவியன் பாலகிருஷ்ணன், தமிழ்த் தகப்பனுக்குப் பிறந்தவர், கிம்மை ஊர் சுற்றிக் காட்டக் கூட்டிப்போய் ஒரு செல்ஃபி எடுத்துப் போட்டார். அந்தச் சந்திப்பில் உருப்படியாகக் கிடைத்தது அந்தப் படம்தான் என்று அப்போது ஒரு நண்பர் சொன்னார்.)

போனது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். எதிரியோடுதான் பேச வேண்டும், நண்பனோடு பேச என்ன இருக்கிறது? முந்தைய அதிபர்கள் யாரும் செய்யாததை ட்ரம்ப் செய்தார், அதற்கு நான் மார்க் போடுவேன். ஹோம்வொர்க் செய்யாமல் போனதற்கு அந்த மார்க்கைக் கழித்துக்கொள்வேன். 2019 பிப்ரவரியில் ஹனோயில் யோங்பியோன் அணு வளாகம் ஒன்றை மட்டும் காட்டிப் பெரும்பாலான தடைகளை நீக்கச் சொல்லிக் கேட்டார் கிம். ட்ரம்ப் ஒத்துக்கொள்ளாமல் எழுந்து வந்தார். மதிய விருந்துக்கு மேசை போட்டபடி கிடந்தது. எழுந்து வந்தது நல்லதுதான் என்று ஜனநாயகக் கட்சியின் பெலோசியும் ஷூமருமே சொன்னார்கள். அவரை இவர்கள் பாராட்டிய மிக அபூர்வமான நாள் அது.

இந்த வியாதி ட்ரம்போடு வந்ததில்லை. எண்பதுகளில் அதிபராக இருந்த ரேகனை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் சினிமா நடிகர், அறிவு மட்டு என்பது அன்றைய ஜனநாயகக் கட்சிப் பெரியவர்களின் ஏகோபித்த முடிவு. ஒரு பேச்சுக்கு முன்னால் மைக் சரிபார்க்கிறேன் பேர்வழி என்று, ரஷ்யாவைத் தடைசெய்யும் சட்டத்தில் கையெழுத்துப் போட்டாகிவிட்டது, ஐந்து நிமிடத்தில் குண்டு போட ஆரம்பிக்கிறோம் என்று 1984இல் ஜோக் அடித்த மனுஷன். பயப்படாமல் என்ன செய்வார்கள்? ஆனால் அதே ரேகன் 1986 அக்டோபரில் ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக்கில் சோவியத் தலைவர் கோர்பச்சேவோடு உட்கார்ந்து, மொத்த அணு ஆயுதத்தையும் ஒழிப்பது வரை பேசிவிட்டார். எதிரி ஏவுகணைகளைத் தடுக்கும் விண்வெளித் திட்டத்தின் சோதனையை ஆய்வுக்கூடத்தோடு நிறுத்த மாட்டேன் என்று அவர் பிடிவாதம் பிடித்ததில் பேச்சு முறிந்தது. அடுத்த வருடம் டிசம்பரில் நடுத்தர ஏவுகணை ஒப்பந்தம் கையெழுத்தானது. இந்தத் தடவை பாய்ந்தவர்கள் அவருடைய சொந்தக் கட்சியின் வலதுசாரிகள். ஹிட்லரிடம் ஏமாந்த பிரிட்டிஷ் பிரதமர் சேம்பர்லினோடு ரேகனைச் சேர்த்து வைத்துப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார்கள். சோவியத் பிரசாரத்துக்கு உதவும் முட்டாள் என்றார் அந்த வலதுசாரிகளில் ஒருவரான ஹோவர்ட் ஃபிலிப்ஸ். ஆக, இரண்டு பக்கமும் முட்டாள் பட்டம் வாங்கிய அதிபர் அவர்.

அந்த ஒப்பந்தம் ஏன் வேலை செய்தது என்பதில்தான் எனக்கு ஆர்வம். 500 முதல் 5,500 கிலோமீட்டர் வரை போகும், தரையிலிருந்து ஏவும் ஏவுகணைகள் அனைத்தும் போக வேண்டும். 1991க்குள் இரு தரப்பும் சேர்ந்து 2,692 ஏவுகணைகளை அழித்தார்கள். அழித்தோம் என்று சொன்னதை நம்பிக்கொண்டு யாரும் சும்மா இருக்கவில்லை. ரஷ்யாவில் வோட்கின்ஸ்க் என்கிற ஊரில் ஏவுகணைத் தொழிற்சாலை. அதன் வாசலிலேயே அமெரிக்கச் சோதனையாளர்கள் வருடக்கணக்காகக் குடியிருந்தார்கள். உள்ளேயிருந்து வெளியே வரும் பெரிய ரயில் பெட்டிகளுக்கு எக்ஸ்ரே வைத்துப் பார்த்தார்கள். அதேபோல யூட்டா மாநிலத்தில் மேக்னா என்கிற இடத்தில் ரஷ்யர்கள் வந்து தங்கி அமெரிக்கத் தொழிற்சாலை வாசலைக் காவல் காத்தார்கள். பனியில் கேட்டருகே நின்று பெட்டியை அளந்து பார்ப்பது, அளவு பொருந்தினால் கையெழுத்துப் போட்டு அனுப்புவது. டிவியில் காட்ட ஒன்றும் இருக்காது. ஆனால் செனட்டில் 93க்கு 5 என்று நிறைவேறிய ஒப்பந்தம் அது. ரேகன் அறிவாளியா இல்லையா என்ற பட்டிமன்றம் இன்னும் ஓடுகிறது, ஏவுகணைகள் போனது போனதுதான்.

என் வாதம் இவ்வளவுதான். அதிபரின் திறமையைக் காட்டுவது அவர் எத்தனை மிடுக்காகக் கை குலுக்கினார் என்பதோ, டெலிபிராம்ப்டர் இல்லாமல் பேசுகிறாரா என்பதோ இல்லை. ஷரத்துகள் காட்டும். அவர் யாரைக் கூட்டிப்போனார் என்பது காட்டும். அமெரிக்காவில் இந்த இரண்டையும் பார்க்காமல், ஆள் எந்தக் கட்சி என்று பார்த்துவிட்டு மார்க் போடுகிறார்கள்.

ஈரானுக்கு வருவோம். 2015 பேச்சுவார்த்தையில் ஒபாமா அனுப்பியவர்களில் ஒருவர் எரிசக்தி அமைச்சர் எர்னஸ்ட் மோனிஸ். எம்ஐடியில் அணு இயற்பியல் பேராசிரியராக இருந்தவர். எதிரே ஈரான் தரப்பில் அலி அக்பர் சாலேஹி, அவரும் எம்ஐடியில் முனைவர் பட்டம் வாங்கியவர். அரசியல்வாதிகள் முட்டிக்கொண்ட நேரத்தில் இவர்கள் இருவரும் தனியாக உட்கார்ந்து யுரேனியத்தைச் செறிவூட்டும் மையவிலக்கு எந்திரங்களின் கணக்குப் போட்டார்கள். சாலேஹிக்குப் பேத்தி பிறந்தபோது எம்ஐடி முத்திரை போட்ட குழந்தைப் பரிசுகளை மோனிஸ் கொண்டுபோய்க் கொடுத்தாராம். முடிவில் வந்த காகிதம் இப்படி: யுரேனியம் செறிவூட்டல் 3.67 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, கையிருப்பு 300 கிலோவுக்கு மேல் கூடாது, இரண்டும் 15 வருடத்துக்கு. சுமார் 19,000 மையவிலக்கு எந்திரங்கள் 6,104 ஆகக் குறைய வேண்டும். அராக் அணு உலையின் மையக்கலனில் கான்கிரீட் ஊற்றினார்கள். 2015 டிசம்பரில் பத்து டன்னுக்கு மேல் செறிவூட்டிய யுரேனியம் கப்பலேறி ரஷ்யாவுக்குப் போனது.

இதில் ஓட்டையே இல்லை என்று நியூஜெர்சி நண்பர் சொல்வார். உண்டு. சில கட்டுப்பாடுகள் பத்து வருடத்திலேயே தளர ஆரம்பிக்கும். ஏவுகணை பற்றிப் பேச்சே கிடையாது. ஷா மன்னர் காலத்து ஆயுத வியாபாரப் பாக்கி 40 கோடி டாலரை வெளிநாட்டுக் கரன்சிக் கட்டுகளாக விமானத்தில் அனுப்பிய அதே நாளில் ஈரானில் இருந்த அமெரிக்கக் கைதிகள் விடுதலையானார்கள். சட்டப்படி அது ஈரானின் பணம்தான், இருந்தாலும் பார்ப்பவனுக்கு மீட்புத்தொகை மாதிரி தெரியும் என்று ஒருவருக்குமா தோன்றவில்லை? எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை, செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு கிடைக்காது என்று தெரிந்து, அதை முறைப்படியான உடன்படிக்கையாகவே கொண்டுபோகவில்லை. ஓர் அதிபரின் பேனாவில் வந்தது, இன்னொரு அதிபரின் பேனாவில் போய்விடும். பேச்சு நடக்கும்போதே 47 குடியரசுக் கட்சி செனட்டர்கள் ஈரான் தலைவர்களுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதி இதையே சொன்னார்கள். தன் நாட்டு அதிபர் பேரம் பேசிக்கொண்டிருக்கும்போது எதிராளிக்கு "இவர் பேச்சை நம்பாதே" என்று கடிதம் போடுவது என்ன தேசபக்தியோ, டெக்சஸ் நண்பர்தான் விளக்க வேண்டும்.

2018 மே 8 அன்று ட்ரம்ப் வெளியேறினார். ஈரான் ஏமாற்றியதாகப் பிடிபட்டதா? சர்வதேச அணுசக்தி முகமை அறிக்கைமேல் அறிக்கையாக, வரம்புக்குள் இருக்கிறார்கள் என்றுதான் சொல்லிவந்தது. ட்ரம்ப் அரசாங்கமே 2017இல் இரண்டு முறை அப்படிச் சான்று கொடுத்திருக்கிறது. இதைவிட நல்ல ஒப்பந்தம் கொண்டுவருவேன் என்றார், அந்தப் பதவிக்காலத்தில் வரவில்லை. ஈரான் ஒரு வருடம் பொறுத்துவிட்டு வரம்புகளை மீற ஆரம்பித்தது. 2021இல் 60 சதவீதம். 2025 ஜூன் வாக்கில் அந்த 60 சதவீதச் சரக்கு மட்டும் 400 கிலோவுக்கு மேல். 3.67 எங்கே, 60 எங்கே! அந்த மாதம் பேச்சுவார்த்தையின் அடுத்த சுற்றுக்குத் தேதி குறித்திருந்த நிலையில் இஸ்ரேல் தாக்கியது, 22ஆம் தேதி அமெரிக்க விமானங்கள் மலைக்கு அடியிலிருந்த ஃபோர்டோ செறிவூட்டல் நிலையத்தில் குண்டு போட்டன. அடியோடு அழித்தாயிற்று என்றார் ட்ரம்ப். சில மாதம்தான் தள்ளிப்போயிருக்கும் என்று ராணுவ உளவுத்துறையின் முதல்கட்ட மதிப்பீடு கசிந்தது. உடனே அதுவும் கட்சிச் சண்டையானது. மலைக்கு அடியில் என்ன மிச்சம் என்பதற்குமா கட்சி உண்டு? குண்டு விழுவதற்குச் சில நாள் முன்புதான், ஈரானில் ஆட்சி மாற வேண்டும் என்ற செனட்டர் டெட் குரூஸிடம், ஈரானின் மக்கள்தொகை எவ்வளவு என்று வலதுசாரி ஊடகப் பேச்சாளர் டக்கர் கார்ல்சன் கேட்டார். தெரியவில்லை என்றார் குரூஸ். இருவரும் ஒரே முகாம் என்பதுதான் இதில் விசேஷம்.

இந்தக் கூத்தையெல்லாம் எதிரே உட்கார்ந்திருப்பவன் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான். கிளிண்டன் 1994இல் வட கொரியாவோடு போட்ட ஏற்பாட்டில் யோங்பியோன் உலை எட்டு வருடம் முடங்கிக் கிடந்தது. அடுத்த மாதமே நாடாளுமன்றத்தைக் குடியரசுக் கட்சி பிடித்தது, தருவதாகச் சொன்ன எரிபொருளுக்குப் பணம் ஒதுக்குவதில் வருடா வருடம் இழுபறி. வட கொரியாவும் யோக்கியம் இல்லை, திருட்டுத்தனமாக யுரேனியம் செறிவூட்டும் பக்கம் போனது. அதைப் பிடித்துக்கொண்டு புஷ் அரசாங்கம் மொத்தத்தையும் கைகழுவியது. 2006 அக்டோபரில் முதல் குண்டை வெடித்தார்கள். கிம்மின் இடத்தில் இருந்தால் நீங்கள் எந்த அமெரிக்கக் கையெழுத்தை நம்புவீர்கள்? ஒப்பந்தம் போட்ட ஈரான் மேல் குண்டு விழுந்தது, குண்டு செய்த வட கொரியாவுக்கு மூன்று சந்திப்பு கிடைத்தது. எனக்கு இந்தப் பாடம் பிடிக்கவில்லை, ஆனால் கற்றுக்கொடுத்தது வாஷிங்டன்தான்.

கடைசியாக, அணு ஆயுதத்தை ஏவ அதிபர் உத்தரவு போடும் அந்தப் "பொத்தான்" விஷயம். 1973இல் ஹரால்ட் ஹெரிங் என்ற விமானப்படை மேஜர் ஏவுகணை ஏவும் அதிகாரிக்கான பயிற்சியில் இருந்தார், வியட்நாமில் பணியாற்றியவர். எனக்கு வரும் உத்தரவு புத்தி சுவாதீனமுள்ள அதிபரிடமிருந்து வந்தது என்று எனக்கு எப்படித் தெரியும் என்று வகுப்பில் கேட்டார். வேலை போயிற்று. பிற்பாடு லாரி ஓட்டினார். சாவி திருகுகிறவர்களுக்கு மனநலச் சோதனை உண்டு, உத்தரவு போடுகிறவருக்கு இன்றைக்கும் கிடையாது.

2017 நவம்பரில் செனட் வெளியுறவுக் குழு இதைப் பற்றி விசாரணை நடத்தியது. அதிபர் நிலையில்லாதவர், தாறுமாறாக உத்தரவு போட்டுவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது என்றார் ஜனநாயகக் கட்சியின் கிறிஸ் மர்ஃபி. அணு ஆயுதத்தால் முதல் அடியை அமெரிக்கா அடிப்பதானால் நாடாளுமன்றத்தைக் கேட்க வேண்டும் என்ற மசோதா ஏற்கெனவே கையில் இருந்தது, ஜனநாயகக் கட்சியின் மார்க்கியும் டெட் லியூவும் கொண்டுவந்தது. அப்புறம் பைடன் வந்தார், மசோதா பற்றிய சத்தம் இறங்கிப்போனது. முதல் அடி அடிக்க மாட்டோம் என்று அவருடைய அரசாங்கமும் 2022 கொள்கை அறிக்கையில் சொல்லவில்லை. 2024 ஜூன் விவாதத்தில் பைடன் தடுமாறியதும் குடியரசுக் கட்சியினருக்குத் திடீரென்று அதிபரின் மனநிலை பற்றிக் கவலை பிறந்தது, செயல்பட முடியாத அதிபரிடமிருந்து அதிகாரத்தை எடுக்க வழிசெய்யும் 25ஆவது திருத்தம் என்றெல்லாம் பேசினார்கள். அந்த மசோதாவை எடுத்து நிறைவேற்றலாம் என்று மட்டும் அவர்களில் யாரும் கிளம்பவில்லை. நவம்பரில் அவர்கள் ஆள் ஜெயித்தார், கவலையும் தீர்ந்தது.